டூ ஸ்ட்ரோக் குவாட் இழுக்கவில்லையா? பைப் வாங்க முதல் பிபி மீற்றரை எடுங்கள்

போன மார்கழியில் ஒரு நாள் இரவு பதினொன்றரைக்கு, கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற மச்சான் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். பனிக்குள் அவனுடைய குவாட், அதாவது நாலு சில்லு மோட்டார் சைக்கிள், யமஹா பான்ஷி 350 நிற்கிறது, இவன் கட்டைவிரலால் திரொட்டிலை அமத்துகிறான், இஞ்சின் கொஞ்சம் ஏறி, பிறகு யாரோ தொண்டையைப் பிடித்த மாதிரித் திக்கித் திக்கி அதிலேயே நிற்கிறது. "காபரேட்டர் ரெண்டும் புதுசா வாங்கப் போறன் மச்சான், அப்பிடியே எக்ஸோஸ்ட் பைப்பும் மாத்தினா பவரும் கூடும், ஆயிரத்தைந்நூறு டொலர் வருது, வாங்கட்டே?" நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "பார்க்கிங் பிரேக் சுவிட்ச் ஒழுங்கா விடுபடுதோ?"

விடுபடவில்லை. லீவரை விட்டிருக்கிறான், ஆனால் சேறு காய்ந்து அதற்கு மேல் பனியும் உறைந்து சுவிட்ச் அப்படியே ஒட்டிப்போயிருந்தது. பான்ஷியிலும் யமஹாவின் சின்னக் குவாட்டான பிளாஸ்டர் 200இலும் திரொட்டில் சிக்கினால் இஞ்சினை அடக்குவதற்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு, திரொட்டில் லீவரிலும் காபரேட்டரிலும் சுவிட்ச் இருக்கும், லீவரை விட்ட பிறகும் காபரேட்டர் மூடவில்லை என்றால் ஸ்பார்க்கை வெட்டும். பார்க்கிங் பிரேக் சுவிட்சும் அதோடுதான் சேர்ந்து வேலை செய்கிறது. அந்த வயர்களில் எங்கே பழுது வந்தாலும் வெளியே தெரிவது ஒரே நோய்தான்: இஞ்சின் ஏறாது. மச்சான் சுவிட்சைக் கழற்றிக் கழுவிப் பூட்டினான், வண்டி பறந்தது. கனபேர் அந்த ஏற்பாட்டையே முழுதாகக் கழற்றி எறிந்துவிடுவார்கள். எறிவதென்றால், கையில் கட்டுகிற கயிற்றுச் சுவிட்ச் ஒன்று கட்டாயம் பூட்டுங்கள், விழுந்தால் இஞ்சின் தானாக நிற்க வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் சின்ன கராஜ் வைத்திருக்கிறேன். அப்பா பருத்தித்துறையில் மீன்பிடி வள்ளங்களின் ஔட்போர்ட் திருத்தினவர், நான் பழகினது டூ ஸ்ட்ரோக் ஓட்டோவில். குவாட் இங்கே அரிது, மணற்காட்டுப் பக்கம் மணலில் ஓடுகிற ஒரு பழைய பிளாஸ்டர்தான் ஒழுங்காக என்னிடம் வருகிறது, மிச்சமெல்லாம் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரப் பெடியள் வீடியோவில் காட்டுகிறவை. ஆனால் டூ ஸ்ட்ரோக் எங்கே போனாலும் டூ ஸ்ட்ரோக்தான். பவர் கூட்ட வேண்டும் என்று வருகிறவர்களில் அரைவாசிப் பேருக்கு மேலே, உண்மையில் கம்பனி தந்த பவரையே எங்கோ ஒழுகவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். முதலில் அதைப் பிடிப்போம், கூட்டுகிறது பிறகு.

கையில் இருப்பது என்ன வண்டி

பான்ஷி 1987இல் வந்தது. 347 சிசி, தண்ணீரால் குளிர்விக்கிற இரட்டைச் சிலிண்டர், போர் (சிலிண்டரின் விட்டம்) 64 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்) 54, இரண்டு 26 மில்லிமீற்றர் மிக்குனி காபரேட்டர். பிளாஸ்டர் ஒரு வருடம் கழித்து வந்தது, 195 சிசி, ஒற்றைச் சிலிண்டர், காற்றுக் குளிர்ச்சி, போர் 66, ஸ்ட்ரோக் 57. இரண்டிலும் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் என்பதால் லேத்தில் கொடுத்துப் போர் அடித்து ஓவர் சைஸ் பிஸ்டன் போடலாம், எங்கள் ஊர் ஆட்களுக்கு இது பெரிய வசதி. ஹொண்டா டிஆர்எக்ஸ்250ஆர், சுசூகி குவாட்ரேசர் வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும், அளவுகளை மட்டும் அந்தந்த மனுவலில் பாருங்கள்.

பெற்றோல் வருகிறதா, நெருப்பு வருகிறதா

இது சின்ன வேலை, கெதியாக முடித்துவிடலாம். ஓடத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் பசி வந்த மாதிரி நின்று, கொஞ்சம் விட்டால் திரும்பவும் ஸ்டார்ட் ஆகிறதா? டாங்கி மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கும், மூடியைத் தளர்த்தி ஓடிப் பாருங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியா? 2022 தட்டுப்பாட்டு நேரம் கியூவில் நின்று வாங்கிய பெற்றோலைக் கானில் சேர்த்துவைத்து மாதக்கணக்கில் கழித்து ஊற்றியவர்களின் காபரேட்டர்கள் எல்லாம் உள்ளே பசை பிடித்து வந்தன. மெதுவாக ஓடுகிறபோது பெற்றோல் விடுகிற பைலட் ஜெற் ஊசி முனை அளவு துவாரம், அதுதான் முதலில் அடைபடும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துவாரம் பெரிதானால் பிறகு எந்த டியூனிங்கும் சரிவராது, கிளீனர் அடித்துக் கொம்பிரசரால் ஊதுங்கள்.

ஸ்பார்க் நீலமாகப் பட்டென்று அடிக்க வேண்டும். மஞ்சளாக நூல் மாதிரி வந்தால் பிளக் மூடி, காயில் ஏர்த், நிறுத்துகிற சுவிட்ச் மூன்றையும் பாருங்கள். எங்கள் கடற்காற்றுக்கு சுவிட்சுக்குள் பச்சை பூப்பது சாதாரணம். ஸ்பார்க் நன்றாக இருந்தும் உதைக்கிறபோது பின்னுக்கு அடிக்கிறது என்றால் பிளைவீலைக் கிராங்கில் பிடிக்கிற சாவி வெட்டுப்பட்டு டைமிங், அதாவது ஸ்பார்க் அடிக்கிற நேரம், நகர்ந்திருக்கலாம்.

காற்று ஒழுக்கு: இதில்தான் கனபேர் பிஸ்டனைச் சாகக் கொடுக்கிறார்கள்

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் இருக்கிற அடிப்பெட்டியும் ஒரு பம்ப்தான். பிஸ்டன் மேலே போகிறபோது அடிப்பெட்டிக்குள் உறிஞ்சல் உண்டாகி ரீட் என்கிற ஒருவழி இதழ் வால்வ் வழியாகப் பெற்றோலும் காற்றும் வருகிறது, கீழே வருகிறபோது அது அமுங்கி சிலிண்டர்ச் சுவரில் இருக்கிற டிரான்ஸ்ஃபர் போர்ட் என்கிற வழிகளால் மேலே ஏறுகிறது. ஆகவே அடிப்பெட்டி எங்கே ஒழுகினாலும் காபரேட்டர் அறியாத காற்று உள்ளே வரும், பெற்றோல் பங்கு குறைந்து கலவை மெலியும், மெலிந்தால் சூடு, சூட்டோடு பிஸ்டன் ஜாம். காபரேட்டரில் ஜெற்றை மாற்றி மாற்றி இதைச் சரிப்படுத்தப் பார்ப்பது, ஓட்டை வாளியில் வேகமாகத் தண்ணீர் அள்ளுகிற மாதிரி.

அடையாளங்கள் உண்டு. திரொட்டிலை விட்ட பிறகும் இஞ்சின் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் உயரத்தில் தொங்கி நிற்கிறதா, ஒரு நாள் ஒரு மாதிரி மறுநாள் இன்னொரு மாதிரி ஐட்லிங் வருகிறதா, அது கிராங்கின் மக்னற் பக்கச் சீல் அல்லது இன்டேக் றப்பர். கிளச் பக்கச் சீல் போனால் கதை வேறு: கியர் ஓயிலை உறிஞ்சும், வெள்ளைப் புகை தெருவை மறைக்கும், கியர் ஓயில் மட்டம் குறைந்துகொண்டே போகும். பான்ஷிக்காரர் இரண்டு இன்டேக் றப்பரையும் இணைக்கிற சின்னக் குழாயை மறக்க வேண்டாம், அது வெடித்து ஒழுகுவதை நிறையப் பேர் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள்.

அடையாளத்தை நம்பி இருக்காமல் சோதித்தே பாருங்கள். இதற்கென்று விற்கிற சாமான் உண்டு, விலை கூட. நான் பயன்படுத்துவது அம்மாவுக்கு வாங்கி ஊசி கொஞ்சம் பிசகிப்போன பழைய பிபி மீற்றர். டொக்டர் கையில் சுற்றுகிற அதே சாமான்தான். அதன் முகத்தில் 300 வரை கோடு இருக்கும், அந்த 300 கிட்டத்தட்ட 5.8 பிஎஸ்ஐ, எங்களுக்குத் தேவையான அழுத்தம் 6. இதைவிடப் பொருத்தமான கருவி என்ன வேண்டும்? கையில் சுற்றுகிற பையைக் கழற்றிவிட்டு, அமத்துகிற பந்திலிருந்து வருகிற குழாயையும் மீற்றர்க் குழாயையும் மீன் தொட்டிக்குப் போடுகிற பிளாஸ்டிக் டீயில் சேர்த்து, மூன்றாவது வாயை இஞ்சினுக்குக் கொண்டுபோங்கள்.

செய்கிற விதம் இப்படி. பைப்பையும் காபரேட்டரையும் கழற்றுங்கள். எக்ஸோஸ்ட் வாயைப் பழைய லொறி ரியூப் துண்டும் தகடும் வைத்து போல்ட்டால் இறுக்கி அடையுங்கள். இன்டேக் றப்பருக்குள் அளவான ஒரு கட்டையையோ பிவிசி மூடியையோ செருகி, அதில் சைக்கிள் ரியூப்பின் வால்வ் அடிப்பாகத்தை ஒட்டி, கிளிப்பால் இறுக்குங்கள், காற்று அதன் வழியாகப் போகட்டும். பிளக் பூட்டியபடி இருக்க வேண்டும். பிஸ்டனைக் கீழே கொண்டுவந்தால் சிலிண்டரும் சேர்ந்து சோதனைக்கு உட்படும், இரட்டைச் சிலிண்டர் என்றால் இரண்டு வாயும் அடைத்து, கிராங்கைத் திருப்பி இரண்டு தரம் பாருங்கள். பிறகு ஆறுதலாக 300 வரை ஏற்றுங்கள். கொம்பிரசர் பூட்ட வேண்டாம், அழுத்தம் கூடினால் நல்ல சீலும் வெளியே தள்ளப்படும். ஆறு நிமிடம் பாருங்கள். ஊசி அசையாமல் நின்றால் சந்தோசம், நிமிடத்துக்கு 50க்கு மேல் விழுந்தால் ஒழுக்கு நிச்சயம்.

எங்கே என்று கண்டுபிடிக்கச் சவர்க்காரத் தண்ணி போதும். இன்டேக் றப்பர், சிலிண்டர் அடிக் காஸ்கற், ஹெட், பிளைவீலுக்குப் பின்னால் இருக்கிற சீல், எல்லாவற்றிலும் பூசுங்கள், குமிழ் வருகிற இடம்தான் குற்றவாளி. கிளச் பக்கச் சீலை நேரே பார்க்க முடியாது, கியர் பெட்டியின் காற்றுக் குழாயில் கொஞ்சம் நுரை வைத்தால் அது தானே பொங்கிக் காட்டிக்கொடுக்கும். ஒரு கவனம்: சில தேய்ந்த சீல்கள் உள்ளிருந்து அமத்தினால் பிடிக்கும், உறிஞ்சினால் விடும். சந்தேகம் என்றால் கழற்றியபடி இருக்கிறபோதே புதிது போடுங்கள், பிஸ்டனோடு பார்க்கச் சீல் சல்லிக் காசு.

கொம்பிரஷன்

இஞ்சினைச் சூடாக்கி, பிளக் துவாரத்தில் கொம்பிரஷன் மீற்றரைப் பூட்டி, திரொட்டிலை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, மீற்றர் ஊசி இனி ஏறாது என்னும்வரை உதையுங்கள். திரொட்டிலை மூடிக்கொண்டு உதைத்துவிட்டுக் குறையக் காட்டுது என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். மாற்றம் செய்யாத பான்ஷியில் 120 பிஎஸ்ஐயைச் சுற்றி வரும். இரண்டு சிலிண்டருக்கும் இடையில் 10க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். 100க்குக் கீழே என்றால் பைப்பை மறந்துவிட்டு லேத்துக்குப் போங்கள்.

கழற்றினால் பிஸ்டனைத் துடைக்க முதல் வடிவாகப் பாருங்கள், அது தன் கதையை எழுதிவைத்திருக்கும். நாலு மூலையிலும் நெடுக்காகச் சிராய்ப்பு என்றால், இஞ்சின் சூடேற முதலே முறுக்கியிருக்கிறீர்கள், பிஸ்டன் பருத்துவிட்டது, சிலிண்டர் இன்னும் குளிர். எக்ஸோஸ்ட் பக்கம் மட்டும் உரிந்திருந்தால் கலவை மெலிவு அல்லது ஓயில் குறைவு. தலையின் ஓரத்தில் எலி கொறித்த மாதிரி, மண் அடித்த மாதிரி இருந்தால் நொக்கிங், அதாவது கலவை ஒழுங்காக எரியாமல் தானாக வெடிப்பது. இன்டேக் பக்கப் பாவாடை மங்கித் தேய்ந்திருந்தால் மணல். அந்தப் பிளாஸ்டர் என்னிடம் முதல் வந்தபோது நிலைமை இந்தக் கடைசி வகைதான், ஃபில்டரில் ஓயில் இல்லை, ஃபில்டர் பெட்டிக்கு மூடியும் இல்லை, மணற்காட்டு மணல் மாவு மாதிரி நுணுக்கம், றிங்கையும் சிலிண்டரையும் உரைகல்லில் உரைத்த மாதிரித் தேய்த்திருந்தது. ஸ்பொஞ் ஃபில்டருக்கு ஃபில்டர் ஓயில் பூசி, பெட்டியில் உட்காருகிற விளிம்பில் கிறீஸ் தடவுங்கள். மணலில் ஓடுகிறவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவ வேண்டும்.

ஓயிலும் பெற்றோலும்

ஓயில் கூடப் போட்டால் இஞ்சினுக்கு நல்லது என்று நினைத்து, 32க்கு 1 கலக்க வேண்டியதை 20க்கு 1 கலக்கிறார்கள். 32க்கு 1 என்றால் லீற்றருக்கு 31 மில்லிலீற்றர், 20க்கு 1 என்றால் 50. ஜெற் வழியாகப் போகிற திரவத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான், அதில் ஓயில் கூடினால் பெற்றோல் குறையும், அதாவது ஓயிலைக் கூட்டுவது கலவையை மெலியவைக்கும். இது எத்தனை தரம் சொன்னாலும் ஆட்களுக்கு ஏறுவதில்லை. ஒரு அளவைப் பிடித்து, அதற்கு ஜெற் வைத்து, பிறகு மாற்றாமல் இருங்கள்.

கரையோர ஆட்களுக்கு இன்னொன்று. வீட்டில் ஔட்போர்ட் ஓயில் கான் கானாக இருக்கும், அதில் டிசி டபிள்யூ 3 என்று எழுதியிருக்கும். அது கடல் தண்ணீரால் குளிர்கிற இஞ்சினுக்குச் செய்தது. பிளாஸ்டர் மாதிரிக் காற்றுக் குளிர்ச்சியில் அதிக சுற்றில் ஓடுகிற இஞ்சினுக்கு அது வேண்டாம், ஜாஸோ எஃப்சி அல்லது எஃப்டி என்று போட்ட டூ டி (டூ ஸ்ட்ரோக்) ஓயில் வாங்குங்கள்.

பெற்றோல் எண்ணில் ஒரு குழப்பம் இருக்கிறது. எங்கள் பெற்றோல் செட்டில் எழுதியிருக்கிற 92, 95 ஒரு அளவுமுறை, கனடாவிலும் அமெரிக்காவிலும் பம்பில் எழுதுகிற 87, 91 வேறு முறை, அங்கே இரண்டு வித அளவின் சராசரியைப் போடுகிறார்கள். அவர்களுடைய 87 ஏறத்தாழ எங்கள் 92க்குச் சமம், 91 எங்கள் 95க்குக் கிட்ட. மச்சான் 91 ஊற்றுவதாகச் சொன்னதும் இங்கே ஒருவர், எங்களுடையதைவிட மட்டமான பெற்றோலோ என்று சிரித்தார், அப்படியில்லை.

நொக்கிங் என்றால் என்ன என்று எங்கள் மூத்த ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல், சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின ஊர் இது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு, பாரம் ஏற்றி இழுத்தால் கிலுகிலுப்பைக்குள் சின்னக் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரிச் சத்தம் வரும். அந்தச் சத்தம் உங்கள் டியூன் செய்த குவாட்டில் வந்தால் உடனே திரொட்டிலை விடுங்கள்.

ஜெற்றிங்

காபரேட்டரில் எந்த இடத்தில் எது வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. திரொட்டில் மூடியிருந்து கால்வாசி வரை பைலட் ஜெற்றும் காற்று ஸ்க்ரூவும், கால்வாசியிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்குகிற ஊசி (ஸ்லைட் என்பது திரொட்டிலை அமத்த மேலே எழும்புகிற துண்டு), முக்காலுக்கு மேலே மெயின் ஜெற். திரொட்டில் லீவரில் வெள்ளை டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று மாக்கரால் கோடு போடுங்கள், இல்லாவிட்டால் எந்த இடத்தில் அடைக்கிறது என்று நீங்கள் சொல்வதும் ஊகம், நான் சொல்வதும் ஊகம்.

முதலில் கீழிருந்து தொடங்குங்கள். இஞ்சின் சூடானதும் காற்று ஸ்க்ரூவை ஆறுதலாகச் சுற்றி, ஐட்லிங் மிக உயரமாக வருகிற இடத்தில் விடுங்கள். இந்த மிக்குனியில் வெளியே சுற்றினால் காற்றுக் கூடும், கலவை மெலியும். ஒன்றிலிருந்து இரண்டரைச் சுற்றுக்குள் அந்த இடம் வந்தால் பைலட் சரி. ஒரு சுற்றுக்கும் குறைய வந்தால் பெரிய பைலட் போடுங்கள், இரண்டரையைத் தாண்டினால் சின்னது.

மெயினுக்குப் பிளக்தான் நீதிபதி. புதுப் பிளக் பூட்டி, ஆட்கள் இல்லாத நீண்ட இடத்தில் மேல் கியரில் முழுத் திரொட்டிலில் இழுத்து, அப்படியே கிளச்சைப் பிடித்து இஞ்சினை நிறுத்துங்கள், மெதுவாக ஓடி வந்து நிறுத்தினால் பிளக் காட்டுவது ஐட்லிங்கின் நிறம். அடியில் பால் தேத்தண்ணி நிறம் நல்லது, கறுப்பு ஈரம் என்றால் கொழுப்பு, அதாவது கலவையில் பெற்றோல் கூட, வெள்ளை என்றால் நிறுத்துங்கள், வெள்ளைமேல் மினுங்குகிற அலுமினியப் பொட்டு இருந்தால் உங்கள் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. எப்போதும் பெரிய ஜெற்றிலிருந்து சின்னதை நோக்கி வாருங்கள். பெரிய ஜெற் உங்களை மெதுவாக்கும், அவ்வளவுதான், சின்ன ஜெற் இஞ்சினையே தின்னும். அடைக்கிறது கொழுப்பாலா மெலிவாலா என்று தெரியாவிட்டால், ஓடுகிறபோது சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள், நன்றானால் மெலிவு, மோசமானால் கொழுப்பு.

இனி குளிர்க் கணக்கு. இங்கே 33 பாகையில் இருக்கிற காற்றோடு ஒப்பிட்டால், அங்கே உறைநிலைக்கு 10 பாகை கீழே இருக்கிற காற்று ஏறத்தாழ 16 வீதம் அடர்த்தி கூட. கோடையில் அச்சொட்டாக ஜெற் வைத்த வண்டியை மாரியில் அப்படியே முறுக்கினால் மெலிவில்தான் ஓடும், மெயினை ஓரிரு படி ஏற்ற வேண்டும். மச்சானின் இடது பிஸ்டன் முந்தின வருடம் ஜாம் ஆனது இப்படித்தான், ஐப்பசியில் வைத்த ஜெற், தை மாதக் குளிர். இடது மட்டும் ஏன் என்றால், இரண்டு காபரேட்டரின் ஸ்லைடும் ஒரே நேரத்தில் தூக்கவில்லை. பான்ஷியில் கேபிளைச் சரிசெய்து, இரண்டு ஸ்லைடும் ஒன்றாக எழும்புகிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஜெற்றில் கை வைக்க வேண்டும்.

இப்போது பவர்

இவ்வளவும் சரியென்றால் இனித்தான் காசு செலவழிக்கலாம், அதில் முதல் காசு பைப்புக்கு. டூ ஸ்ட்ரோக்கின் பைப் வெறும் புகைக்குழாய் இல்லை. எக்ஸோஸ்ட் போர்ட் திறந்ததும் ஒரு அழுத்த அலை ஓடுகிறது, விரிகிற கூம்பில் அது உறிஞ்சலாகத் திரும்பி வந்து சிலிண்டரைக் காலியாக்க உதவுகிறது, அந்த உறிஞ்சலில் புதுக் கலவையும் கொஞ்சம் பைப்புக்குள் வழிந்துவிடும், பிறகு பின்னால் ஒடுங்குகிற கூம்பில் முட்டி அழுத்தமாகத் திரும்பி, போர்ட் மூட முதல் வழிந்த கலவையைத் திரும்பவும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இது ஒரு குறிப்பிட்ட சுற்றுகளுக்கு மட்டும் சரியாகப் பொருந்தும், அதுதான் டூ ஸ்ட்ரோக்கில் திடீரென்று யாரோ பின்னால் உதைக்கிற மாதிரி வருகிற அந்த அடி.

ஆகவே சத்தம் கூடினால் பவர் கூடும் என்று பைப்பின் உள்பாகத்தை வெட்டி எறிகிற பெடியளுக்குச் சொல்கிறேன், நீங்கள் வெட்டி எறிவது அந்த அலையைத் திருப்புகிற சுவரை. வண்டி ஊரைக் கூட்டும், இழுக்காது. வாங்குவதென்றால் எந்தச் சுற்றில் பவர் தருகிற பைப் என்று கேட்டு வாங்குங்கள். மணலுக்கும் குறுகிய பாதைக்கும் நடுச் சுற்றில் இழுக்கிற பைப், நேராக நீண்டு ஓடுகிறவர்களுக்கு மேல் சுற்றுப் பைப். கடைசி ஒடுங்கிய குழாயைச் சின்னதாக்கி வெல்டிங் செய்யாதீர்கள், சூடு உள்ளே தேங்கிப் பிஸ்டன் போகும்.

பைப் போட்டதும் ஜெற் மாற்ற வேண்டும், இதில் பேச்சுக்கு இடமில்லை. பான்ஷியில் கம்பனி மெயின் 200 அளவில் வரும், பைப்பும் திறந்த ஃபில்டரும் போட்டால் பல படி மேலே போக வேண்டியிருக்கும். பைப் விற்கிறவர் சொல்கிற எண்ணைவிட இரண்டு படி பெரிதாகத் தொடங்கி இறங்கி வாருங்கள்.

ரீட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இதழ் படிகிற இடத்தில் வெளிச்சம் நூலளவுக்கு மேலே தெரிந்தால், நுனி வெடித்திருந்தால் மாற்றுங்கள். புது ரீட்டால் கீழ்ச் சுற்றில் வண்டி உடனே விழித்துக்கொள்ளும், கொடுக்கிற காசுக்கு இது மோசமில்லை.

ஹெட்டை லேத்தில் சீவி கொம்பிரஷன் கூட்டுவது மலிவு, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சீவக்கூடாது. பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் இடைப்பட்ட இடைவெளியை ஈயக் கம்பி வைத்து அளந்து பாருங்கள்: பிளக் துவாரத்தால் 2 மில்லிமீற்றர்க் கம்பியைச் சிலிண்டர்ச் சுவரில் முட்டும்வரை, பிஸ்டன் பின்னின் திசையில் விட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசிந்த நுனியை மைக்ரோமீற்றரால் பாருங்கள், இரண்டு பக்கமும். இந்த அளவு இஞ்சின்களுக்கு 1.1 முதல் 1.3 மில்லிமீற்றர் நல்லது. அதைவிட மிகக் கூடினால் ஓரத்தில் இருக்கிற கலவை சரியாக எரியாமல் நொக்கிங்தான் வரும், ஒரு மில்லிமீற்றருக்குக் கீழே போனால் சுற்றுக் கூடுகிறபோது பிஸ்டன் முட்டும் பயம். சீவின பிறகு கொம்பிரஷன் 150 பிஎஸ்ஐக்கு மேல் ஏறினால் 92 பெற்றோலை மறந்துவிடுங்கள்.

டைமிங் தட்டு மாற்றி நாலு பாகை முன்னுக்குத் தள்ளுவது பான்ஷிக்காரரிடையே வழக்கம், நடுச் சுற்றில் அடி கூடும், உண்மைதான். ஆனால் ஹெட்டும் சீவி, டைமிங்கும் தள்ளி, இங்கத்தைய வெயிலில் ஓடினால் இரண்டும் ஒரே பக்கம்தான் தள்ளுகின்றன, நொக்கிங்கின் பக்கம். நானென்றால் ஒன்றைச் செய்து, பிளக்கைப் பார்த்து, ஒரு மாதம் ஓடி, பிறகு மற்றதை யோசிப்பேன்.

போர்ட்டிங், அதாவது சிலிண்டரின் வாய்களை அரைத்துப் பெரிதாக்குவது பற்றி நிறையக் கேட்கிறார்கள். எக்ஸோஸ்ட் போர்ட்டின் கூரையை உயர்த்தினால் மேல் சுற்றில் பவர் வரும், கீழே இருந்தது போகும். அகலத்தைப் போரின் 70 வீதத்துக்கு மேலே கொண்டுபோனால் றிங் உள்ளே புடைத்துக் கொளுவும். 64 போருக்கு அது 45 மில்லிமீற்றருக்கும் குறைவு, கை ஒரு தரம் வழுக்கினால் போய்விடும். வீட்டில் செய்யக்கூடியது போர்ட் விளிம்புகளின் கூர்மையை மெல்லிய அரத்தால் மழுக்குவதும், வார்ப்பில் மிச்சமாக நிற்கிற பிசிறைத் தட்டுவதும், காஸ்கற்றையும் போர்ட்டையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவருவதும் மட்டும்தான். டிரான்ஸ்ஃபர் போர்ட்டின் கோணத்தைத் தொடாதீர்கள். எறிந்த ஒரு பழைய சிலிண்டரில் நான் பழகப் போய், கடைசியில் அது கராஜ் வாசலில் பூச்சாடியாக நிற்கிறது.

பூட்டின பிறகு

பவர் கூடினால் கிளச் முதலில் வழுக்கும், சுற்று ஏறும், வண்டி ஏறாது, அதைக் காபரேட்டர்ப் பழுது என்று நினைத்து மறுபடியும் ஜெற்றில் இறங்காதீர்கள், கடினமான ஸ்பிரிங் போட்டால் சரி.

பான்ஷி ரேடியேட்டருக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் விடவே கூடாது. சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே இருக்கிற ஊர், கேத்தலுக்குள் எப்படி வெள்ளையாகப் படிகிறதோ அப்படியே இஞ்சினுக்குள்ளும் படியும். பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீரும் கூலன்ற்றும் அரைவாசிக்கு அரைவாசி. மச்சான் மாதிரிக் குளிர் நாட்டில் இருப்பவர் அதைக் குறைக்கவே கூடாது, வெறும் தண்ணீர் உறைந்தால் சிலிண்டர் வெடிக்கும்.

புதுப் பிஸ்டன் போட்டிருந்தால், முதல் நாள் மூன்று தரம் ஸ்டார்ட் பண்ணி, சிலிண்டர் கை வைக்கச் சுடுகிற அளவுக்கு விட்டு, நிறுத்தி, முழுக்க ஆறவிடுங்கள். இடையில் முறுக்க வேண்டாம். பிறகு ஒரு டாங்கி பெற்றோலுக்கு அரைத் திரொட்டிலுக்கு மேலே போகாமல், ஒரே சுற்றில் நீண்ட நேரம் நிற்காமல், ஏற்றி இறக்கி ஓடுங்கள். அது முடிந்ததும் இஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு ஹெட் நட்டுகளைத் திரும்பவும் மனுவல் அளவுக்கு இறுக்கி, பிபி மீற்றரை எடுத்து அந்த ஆறு நிமிடச் சோதனையை இன்னொரு தரம் செய்யுங்கள். புதுக் காஸ்கற் படிந்தபிறகு ஒழுகுவதும் உண்டு, அதைக் கராஜுக்குள் கண்டுபிடிப்பது மணலுக்கு நடுவில் கண்டுபிடிப்பதைவிடச் சுகம்.